ரெண்டு வரிசை செங்கல்

வாடகைக்கு விட வீடு வாங்கப் போறீங்களா? கடன், வட்டி, பத்திரம் எல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல பலகை அக்கா கதையைக் கேளுங்க.

அக்கா ஒரு மாணவர் விடுதியில சமையல்காரம்மா. ஆள் நல்லாவே குள்ளம். விடுதிச் சமையல் மேடை அவங்க நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். அதனால காலுக்குக் கீழ எப்பவும் ஒரு மரப்பலகை. அடுப்புக்குப் போனா அதைக் காலாலயே தள்ளிக்கிட்டுப் போவாங்க, சிங்க்குக்குப் போனா அங்கயும் தள்ளுவாங்க. சர்ரு சர்ருன்னு சத்தம் கேட்டா சாப்பாடு ரெடியாகுதுன்னு பசங்களுக்குத் தெரியும். பேரு அப்படி ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி வேலை பாத்த வீடுகள்லயும் இதே பாடுதான். கவுத்த வாளி, பழைய பெட்டி, ஏதாவது ஒண்ணு மேல ஏறி நின்னுதான் வெங்காயம் நறுக்கினாங்க. தரையில கால் பாவி நின்னு சமைச்சதே கிடையாது.

புருஷன் அதே விடுதிக்கு வாட்ச்மேன். ரெண்டு பேரும் விடுதிக்குப் பின்னால ஒத்தை ரூம்ல குடித்தனம். வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த ரூம். ஓய்வு பெற்ற மறுநாள் சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதுக்காகத்தான் சேத்து வெச்ச காசையும் பேங்க் கடனையும் போட்டு ஒரு பழைய மாடி வீட்டை வாங்கினாங்க. இப்போதைக்கு வாடகைக்கு விடுறது, வர்ற வாடகையில கடனை அடைக்கிறது, அடைஞ்சதும் தாங்களே குடிபோறது. இதான் திட்டம்.

வாங்கின விதத்துல ஒரு குத்தம் சொல்ல முடியாது. நல்லா மழை பேயுற அன்னைக்குப் போய்ச் சுவத்தைத் தடவிப் பாத்தாங்க. காலையில எல்லா வீட்லயும் குளிக்கிற நேரமாப் பாத்துப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணி எந்த லட்சணத்துல வருதுன்னு பாத்தாங்க. கீழ்வீட்டம்மாகிட்ட பேச்சுக் குடுத்து, முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு வாயைப் பிடுங்கினாங்க. பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டினாங்க. வருஷத்துல ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கிடக்கும்னு வெச்சே கணக்குப் போட்டாங்க. இதெல்லாம் நீங்களும் செய்யுங்க. அடுத்து செஞ்சதைச் செய்யாதீங்க.

சமையல்கட்டைப் புதுசா எடுத்துக் கட்டும்போது கொத்தனார் கேட்டார், "மேடை எவ்வளவு உயரம்மா?"

அக்கா வெறுங்காலோட தரையில நின்னு, முழங்கையை மடக்கி, "இங்க"ன்னாங்க.

"விளையாடாதீங்கம்மா. சமைக்கிற மேடையா, உக்கார்ற பெஞ்சா?"

"நீ வைப்பா."

வெச்சார். கல்லு பதிச்சு முடிச்ச அன்னைக்கு அக்கா அது முன்னாடி நின்னாங்க. கையில கத்தியும் இல்ல, வெங்காயமும் இல்ல. சும்மா காத்தை நறுக்கிப் பாத்தாங்க. தோள் தூக்கல. கழுத்து இழுக்கல. வாசல்ல நின்ன புருஷன் சொன்னார், "சிம்மாசனம் ரெடி. ராணியம்மா எப்ப குடிவர்றாங்க?"

"கடன் அடையட்டும். வர்றேன்."

வீடு பாக்க ஆளுங்க வந்தாங்க. வெளிச்சம் நல்லாருக்கும்பாங்க, காத்து நல்லாருக்கும்பாங்க. சமையல்கட்டுக்குள்ள போவாங்க. வெளிய வரும்போது முகம் வேற மாதிரி இருக்கும். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்." அவ்வளவுதான், போனவங்க போனவங்கதான். அக்கா வாடகையைக் குறைச்சாங்க. சுவத்துக்கு இன்னொரு தடவை வெள்ளையடிச்சாங்க. ரெண்டு மாசத்துக்குன்னு ஒதுக்கினது கரைஞ்சு போச்சு. அப்புறம் சம்பளத்துலேருந்து தவணை போச்சு. அதுவும் இழுபறியாகி, பேங்க்லேருந்து போன் வர ஆரம்பிச்சுது.

"வித்துடலாமா?"ன்னு புருஷன் ஒருநாள் கேட்டார். கேலி கலக்காம கேட்டார்.

அந்தச் சமயத்துலதான் ஒரு நர்ஸம்மா வீடு பாக்க வந்தாங்க. டூட்டி முடிஞ்சு நேரா வந்தவங்க, நல்ல உயரம். மேடை முன்னால குனிஞ்சாங்க, நிமிந்தாங்க, இடுப்பைப் பிடிச்சாங்க.

"இதை யாருக்குக்கா கட்டினீங்க?"

"எனக்குத்தான்."

"அப்ப நீங்களே இருந்துக்கோங்க. எதுக்கு எங்களை மாடியேற வைக்கிறீங்க?"

அக்காவுக்குச் சுருக்குன்னுச்சு. "கொஞ்சம் குனிஞ்சா குறைஞ்சா போயிடுவீங்க? நான் ஆயுசு பூரா பலகை மேல நிக்கல?"

"நீங்க பலகையைப் போட்டு ஏறிட்டீங்க. நான் எதைப் போட்டு இறங்குறது? குழியா தோண்டுறது?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு, அப்படியே மேடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. இத்தனை நாள் வந்தவங்க முகம் ஏன் மாறிச்சுன்னு அப்பதான் விளங்கிச்சு. அடுத்தவங்க மேடையில அக்கா பட்ட அதே பாட்டைத்தான், வீடு பாக்க வந்த ஒவ்வொருத்தரும் இங்க பட்டிருக்காங்க.

நர்ஸம்மா குரலை இறக்கினாங்க. "வீடு எனக்குப் பிடிச்சிருக்குக்கா. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம். மேடையை ஏத்திக் குடுங்க, மாசம் பொறந்ததும் வந்துடுறேன்."

மறுநாள் கொத்தனார் சம்மட்டியோட வந்தார். வந்ததுமே, "நான் அன்னைக்கே சொன்னேன்"னு ஆரம்பிச்சார்.

"சொன்னே, சொன்னே. முதல்ல சம்மட்டியைக் கீழ வை. இடிக்கக் கூடாது. இது மேலயே ரெண்டு வரிசை செங்கல் வெச்சு, நடுவுல மணலைக் கொட்டி, புதுக் கல்லைப் போடு."

"இடிச்சுக் கட்டினாத்தான்மா சுத்தம். எப்படியும் சிங்க்கை எடுத்து மாட்டணும், குழாயை ஏத்தணும். இப்படி மேல மேல வெச்சா, பின்னாடி எப்பவாச்சும் எடுக்கணும்னா..."

"எடுக்கத்தான் போறேன்."

கொத்தனார் அவங்களைப் பாத்தார். அப்புறம் அவங்க வெறுங்காலைப் பாத்தார்.

"சரி, கலவையில சிமெண்டைக் கொஞ்சம் கம்மி பண்றேன். எடுக்கும்போது சுலபமா வரும்."

சொன்ன மாதிரியே மாசம் பொறந்ததும் நர்ஸம்மா வந்தாங்க. வாடகை தேதி தவறாம வருது. தவணையும் போகுது. அட்வான்ஸ் பணத்தை அக்கா தொடுறதில்ல, தனியா கிடக்கு. அது குடித்தனக்காரங்க காசு, ஒருநாள் திருப்பிக் குடுக்க வேண்டியது. இதையும் மனசுல போட்டு வைங்க. குழாய் ஒழுகுதுன்னு போன் வந்தா அன்னைக்கே ஆளோட போய் நிப்பாங்க. ஆளை அனுப்பினா போதாதான்னு புருஷன் கேப்பார். அக்கா காதுல விழாத மாதிரி செருப்பை மாட்டிக்குவாங்க.

போன வாரமும் போனாங்க. குழாய்க்காரர் வேலையை முடிச்சுட்டுப் போயிட்டார். நர்ஸம்மா டீ போட்டாங்க, இடுப்பு வலியில்லாம, நிமிந்து நின்னு. அக்கா பக்கத்துல நின்னாங்க. மேடை நெஞ்சுக்கு வந்துச்சு, விடுதியில மாதிரியே. மேல் கல்லுக்குக் கீழ, பூச்சைத் தாண்டிப் பழைய கல்லோட விளிம்பு ஒரு விரல் அளவு நீட்டிக்கிட்டிருக்கும். அக்காவோட கை தானா அங்க இறங்கிச்சு. முழங்கை மடங்கிச்சு. சரியா அங்கதான் இருந்துச்சு.

"என்னக்கா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ஈரம் இறங்குதான்னு பாத்தேன்."

"அதெல்லாம் இல்லக்கா. நல்லாக் காஞ்சுதான் இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும்"ன்னு சொல்லிட்டு அக்கா ஒரு கையால டீயை வாங்கிக்கிட்டாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் இன்னொரு கையை எடுக்கல.