ஒரு வாத்துக் குறைந்த விருந்து

நான் என் கணவருக்கு எட்டு மாதம் ஒரு பொய் சொல்லிவந்தேன். ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த வேலை ஹோட்டலில் வெள்ளிக் கரண்டி துடைப்பது என்று. துடைத்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் துடைத்தேன். மற்ற நேரமெல்லாம் விருந்து மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறையில் எச்சில் தட்டுக் கழுவினேன்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பவர்கள் அந்த மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் பதினொரு வருடம் கிளாக்கராக இருந்தவர். மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட், பொக்கெற்றில் இரண்டு பேனை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு எல்லாம் தலைகீழாகி, அங்கே இங்கே அலைந்து, எண்பத்தாறு சித்திரையில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடிக்கு வந்து சேர்ந்தோம். அந்தப் பேனைகளும் வந்து சேர்ந்தன. முதல் மாதத்திலேயே கீழ்வீட்டு அண்ணை ஒருவர் ஹோட்டலில் வேலை இருக்கிறதென்று அவரைக் கூட்டிப்போக வந்தார்.

"எச்சில் கோப்பை கழுவுற வேலையோ? இது பேனை பிடிச்ச கை, அண்ணை. நான் செய்யமாட்டன்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் தட்டையும் கோப்பை என்றுதான் சொல்வோம். அந்த அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் தேத்தண்ணி போடப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். அடுத்த திங்கட்கிழமை அதே வேலைக்கு அவரோடு நான் போனேன்.

பேனை பிடித்த கையாம். நானும் ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள்தான். அதைச் சொல்லி ஒரு மூச்சுச் சண்டை பிடித்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் அவர் யன்னலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, கீழே போகிற கார்களைப் பார்த்தபடி முழுப் பகலும் இருப்பார். அந்த முதுகைப் பார்த்தால் சண்டை பிடிக்க வாய் வராது. போகட்டும், கரண்டி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை ஏன் இப்படி ஊறிப்போய்க் கிடக்கிறதென்று ஒருநாள் கேட்டார். வெள்ளி மினுக்குகிற மருந்து பொல்லாதது என்றேன்.

மார்கழியில் மெட்ராஸிலிருந்து அவருடைய தமையனாரின் கடிதம் வந்தது. அங்கே ஒரு அச்சகத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம், வருகிறாயா என்று. அன்றைக்கே இவர் சொன்னார்: "இஞ்சேரும், தை மாதம் முடியிறதுக்குள்ள எனக்கொரு மரியாதையான வேலை வராட்டி நான் அண்ணரிட்டப் போறன். நீர் இஞ்ச இரும், உமக்கு வேலை இருக்கு."

நீர் இஞ்ச இரும். எவ்வளவு இலேசாகச் சொன்னார். பதில் கடிதத்தை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக் குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்திருந்தார். நான் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். "அன்புள்ள அண்ணாவுக்கு, நான் வருவதைப்பற்றி" என்பதோடு நின்றிருந்தது. பதினேழாம் மாடியில் தனியே இருந்து நான் என்ன செய்ய?

அந்தத் தை மாதத்தில்தான் ஹோட்டலுக்கு அந்த விருந்து வந்தது. பழைய காலத்து விருந்துகளை ஆராய்கிற ஒரு சங்கமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அதற்குத் தலைவர். நூறு வருடத்துக்கு முன்னர் அமெரிக்கப் பணக்காரர்கள் எப்படிச் சாப்பிட்டார்களோ, அதேபோல ஒரு விருந்தை ஒன்றும் குறையாமல் நடத்திப் பார்க்க வேண்டுமென்று இரண்டு வருடமாக அலைந்து ஆயத்தம் செய்திருந்தார். வேலைக்காரர்களுக்கும் விளங்க வேண்டுமென்று நாலு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தார். மற்றவர்கள் அதில் கை துடைத்தார்கள். நான் வாத்திச்சி அல்லவா, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டு அவியும் நேரத்தில் இவருக்கு வாசித்துக் காட்டினேன்.

ஆரம்ப காலத்தில் அமெரிக்க ஹோட்டல்களில் மணி அடித்ததும் எல்லாரும் நீள மேசைக்கு ஓடுவார்களாம். எல்லாக் கறியும் ஒன்றாகவே மேசையில் இருக்குமாம். கால் மணித்தியாலத்தில் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார்களாம். பிறகு காசு பெருத்ததும் பிரெஞ்சுக்காரரின் நாகரிகம் தொற்றிவிட்டது. ஒரு சாமான் முடிந்து தட்டை எடுத்த பிறகுதான் அடுத்தது வரும். அப்படிப் பதினான்கு. முதலில் ஐஸில் வைத்த சிப்பி, பிறகு ஆமைச் சூப், பிறகு மீன், பிறகு இறைச்சி. நடுவில் வயிற்றைத் திரும்பத் திறக்கவென்று சாராயம் கலந்த ஐஸ். அதற்குப் பிறகுதான் விருந்தின் ராசாவாகிய காட்டுவாத்து. பட்டியல் முழுக்கப் பிரெஞ்சில் இருக்குமாம், சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது வாசிக்கத் தெரியாதாம். ஒரு பணக்காரன் மேசைக்கு நடுவில் குளம் கட்டி உயிருள்ள அன்னங்களை நீந்தவிட்டானாம். இதையெல்லாம்விட எனக்குச் சிரிப்பு வந்தது செலரிக்குத்தான். எங்கள் தெருமுனைக் கடையில் சீந்துவாரில்லாமல் கிடக்கிற அந்தத் தண்டு, அந்தக் காலத்தில் கண்ணாடிச் சாடியில் பூப்போல நிறுத்திவைக்கிற ஆடம்பரமாம்.

"ஆமையையும் திண்டிருக்கிறாங்கள்" என்றேன்.

"ஏன், ஊரில ஆமையிறைச்சி விக்கேல்லையோ? உமக்குத் தெரியாட்டி இல்லையெண்டு நினைக்கிறீர்" என்று சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நாலு பக்கத்தையும் வாங்கித் தானே திரும்ப வாசித்தார்.

விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். மண்டப மனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து நடக்கத் தெரிந்த ஒருவர் என் வீட்டில் இருக்கிறார் என்றேன். ஒழுங்காகச் செய்தால் அப்படியே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார் மனேஜர்.

வீட்டுக்கு வந்து பயந்து பயந்துதான் கேட்டேன். "பரிமாறுறதோ? அது வேற" என்றார் இவர். "அது மரியாதையான விசயம்." உண்மைதான். ஊரில் கலியாண வீடுகளில் பந்திக்கு முதலில் கூப்பிடுகிறது இவரைத்தான். சாம்பார் வாளியோடு வரிசையில் இறங்கினால் ஒரு இலையும் வெறுமையாகக் கிடக்காது. போதும் போதும் என்று கையால் மறைக்கிறவர்களுக்கும், மறைத்த கை எடுபடும்வரை நின்று போட்டுவிட்டுத்தான் நகருவார். இந்த வேலை நிலைத்துவிட்டால் அவர் நிற்பார், நிலைக்காவிட்டால் மெட்ராஸ். எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அந்த விருந்துக்கு வாடகைக்கு எடுத்த தட்டுகளுக்குத் தங்கக் கரை. மெசினில் போட்டால் தங்கம் போய்விடும், கையால்தான் கழுவ வேண்டும். கழுவுகிறது நான். கழுவுகிற அறைக்கு இரண்டு கதவு. மண்டபப் பக்கக் கதவைத் திறக்க வேண்டாம், அது களஞ்சியம் என்று இவரிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு விருந்து. பழைய ஹோட்டல்களில் அந்த நேரம்தானாம். ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். பெண்கள் குடைபோல விரிந்த பாவாடையும் ஆண்கள் வாலுள்ள கோட்டும் போட்டிருந்தார்கள். கதவில் இருந்த வட்டக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். என்னவர் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக மேசைக்குப் பின்னால் நின்றார். சும்மா சொல்லக்கூடாது, விருந்து கொடுக்கிறவரே அவர்தான் என்று தோன்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு தட்டை வைத்திருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிப்பி போனது, சூப் போனது. ஆமைக்குப் பதிலாகக் கன்றிறைச்சிதான். ஒவ்வொரு வகை முடியவும் ஐம்பத்திரண்டு தட்டைச் சமையல் பக்கக் கதவால் எடுபிடிப் பொடியன்கள் என்னிடம் கொண்டுவந்தார்கள். பின்னேரம் நாலரைக்கு வாத்து வந்தது. காட்டுவாத்து விற்கச் சட்டம் விடாது, பண்ணை வாத்துத்தான். ஆனாலும் அந்தப் பழைய முறைப்படி சமைக்கப் பெரிய குசினிக்காரர் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. அளவாக ஐம்பத்திரண்டு தட்டு.

பேராசிரியர் எழுந்து வாத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவருடைய பங்கு ஆறிவிடாமல் பக்க மேசையில் வெள்ளி மூடிக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. அவர் பேசி முடித்து இருந்ததும் கொண்டுபோய் வைக்க வேண்டியது என் கணவரின் பொறுப்பு. பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. இவருடைய வரிசைக் கடைசியில் ஒரு வயதான சீமாட்டி. நல்ல பசி போல, நாலே வாயில் முடித்துவிட்டு இருந்தார். எல்லாரும் முடிக்கும்வரை ஒருவருடைய தட்டையும் எடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த மனிசி வெறுந்தட்டுக்கு முன்னால், மடியில் கைகளை வைத்தபடி இருந்தார்.

அதைத்தான் என்னவரால் தாங்க முடியவில்லை. எனக்கு வட்டக் கண்ணாடிக்குள்ளால் தெரிகிறது. ஒரு கால் மாறி நிற்கிறார். தட்டைப் பார்க்கிறார். வெள்ளி மூடியைப் பார்க்கிறார். ஐயோ வேண்டாம் என்று நான் இங்கே வாய்க்குள் சொல்கிறேன். போய் மூடியைத் தூக்கி, அந்தத் தட்டோடு சீமாட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்த மனிசி வேண்டாம் என்று தலையாட்டியது எனக்கே தெரிந்தது. ஆனால் எங்கள் ஊரில் முதல் தரம் கேட்டதும் ஓம் என்று சொல்கிற மரியாதை கெட்ட விருந்தாளி எங்கே இருக்கிறார்? இவர் இன்னும் ஒருதரம் குனிந்தார். இரண்டாம் தரமும் தலையாட்டினார். மூன்றாம் தரம் தட்டு மேசைக்கு இறங்கிவிட்டது. மனிசி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முள்ளுக்கரண்டியை எடுத்தார்.

பேராசிரியர் பேசி முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் துவாயை மடியில் விரித்து, இரண்டு வருடம் காத்திருந்த வாத்துக்காகத் திரும்பிப் பார்த்தார். இவரும் பக்க மேசையைப் பார்த்தார். அங்கே மூடி மட்டும் இருந்தது.

மண்டப மூலையில், என் கதவடியில் மனேஜர் இவரைப் பிடித்து என்ன பேசினாரென்று முழுக்க எனக்குக் கேட்கவில்லை. இனி மண்டபத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றது மட்டும் கேட்டது. அதற்குள் பேராசிரியரே எழுந்து வந்து, கோபிக்க வேண்டாம், பிரெஞ்சு நாகரிகம் வரமுதல் அந்த மேசைகளில் இதுதான் நடந்தது, விருந்தாளி வெறுந்தட்டோடு இருக்கவே மாட்டார் என்று சிரித்துச் சொன்னார். நல்ல மனிதர், வாத்து இல்லாமலும் சிரித்தார். ஆனால் வேலை கொடுக்கிறது பேராசிரியர் இல்லையே. முடிந்தது, மெட்ராஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை தண்ணீருக்குள் இருக்க அப்படியே நின்று அழுதேன்.

அப்போது மண்டபப் பக்கக் கதவு திறந்தது. ஒருவர் கண்ணிலும் படாமல் களஞ்சியத்துக்குள் போய் நிற்கலாம் என்று வந்திருக்கிறார், பாவம்.

முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நான் நின்றேன். ஒன்பது வகைத் தட்டு இரண்டு பக்கமும் என் தலையளவுக்கு அடுக்கியிருந்தது. இன்னும் ஐந்து வகை வரவிருந்தது. அவர் தட்டுகளைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவையும் நீர் தனியவோ?" என்றார்.

நான் நுரைக் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"எவ்வளவு நாளா?"

"வந்த நாள் தொடக்கம்" என்றேன். "உங்கட கை பேனை பிடிச்ச கை எண்டு சொன்னியள். அதுதான் சொல்லேல்லை."

அவர் கையுறைகளைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி, மடித்துக் கோட்டுப் பொக்கெற்றில் வைத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார். சேர்ட் கையை மடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உம்மட கையும் வெண்கட்டி பிடிச்ச கைதானே" என்றார். "தள்ளி நில்லும். நீர் துடையும், நான் கழுவுறன்."

அவருக்குக் கழுவத் தெரியாது. முதல் தட்டைச் சாமி விளக்கைப் போல ஐந்து நிமிடம் தேய்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பதினாலாவது வகையும் வந்து முடிய ஆறரை. எழுநூற்றிருபத்தெட்டுத் தட்டில் ஒன்றும் உடையவில்லை, ஒரு கரையிலும் தங்கம் போகவில்லை. பெரிய குசினிக்காரர் வந்து ஒரு தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ஆளை நாளைக்கும் வரச்சொல் என்றார். தன்னுடைய வாத்தை ஒரு மனிசியை இரண்டு தரம் சாப்பிட வைத்த ஆள் இவர்தான் என்று அவருக்குத் தெரியுமோ, நான் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற ஸ்ரீற்கார் என்கிற ட்ராம் வண்டியில் இவர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் முன் சீற்றில் இருந்தார்கள், ஆனாலும் அவர் விடவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வேணும் போலவும் இருந்தது.

வந்ததும் நான் புட்டைச் சூடாக்கினேன். இவர் குளிர்ப்பெட்டிக்கு மேலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு யன்னலருகே போய், பேனையைத் திறந்து எழுதி முடித்தார். குளிக்கப் போனபோது நான் எடுத்துப் பார்த்தேன். இதில் எனக்கு வெட்கமில்லை.

"அன்புள்ள அண்ணாவுக்கு, நான் வருவதைப்பற்றி இனி யோசிக்க வேண்டாம். எனக்கு இங்கே இவள் வேலை செய்கிற ஹோட்டலிலேயே வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பேரும் வெள்ளிக் கரண்டி துடைக்கிறோம்."