மளிகைக் கடைப் பெட்டியும் என் உண்மைப் பெயரும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை. மேலேயிருந்து வரிசையாகப் பூச்சிகள் இறங்கும். கீழேயிருந்து நாம் சுட வேண்டும். அப்போதே அது பழசு. நகரத்துக் கடைத்தொகுதிகளில் கலர் பெட்டிகள் வந்துவிட்டன. ஆனால் அங்கே போக பஸ் ஏற வேண்டும், வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். இங்கே "வெங்காயம் வாங்கிட்டு வர்றேன்" என்றால் போதும். அந்த வருடம் எங்கள் வீட்டில் வெங்காயம் குவிந்து கிடந்தது. அம்மா ஏன் சந்தேகப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைக்காரர் எங்கள் எல்லோருக்கும் பாய். அவருடைய அப்பா காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். சத்தம் போட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். மற்றபடி எங்களைக் கண்டுகொள்ள மாட்டார். பெட்டி அவருடையது அல்ல, ஒரு கம்பெனி அங்கே கொண்டுவந்து வைத்தது.

அங்கே விளையாட வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். பதின்மூன்று வயது, கான்வென்ட் பள்ளி, ஞாயிறு தவறாத பூசை. போதாக்குறைக்கு, பையன்கள் எல்லோரையும்விட நான்தான் நன்றாகச் சுடுவேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனோடு பேசினாள் என்று யாரோ சொன்னதற்காக, அக்காவின் படிப்பை நிறுத்தி புக்கிட் மேராவில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிட்டார். அவள் பேசியது உண்மைதான். பஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாள்.

இந்தப் பெட்டிகளால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரியவர்கள் எங்கும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பெனிக்கும் பயம் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவர்களுடைய ஆள் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து பாயிடம் கொடுத்தார். பதினாறு வயதுக்குக் கீழே யார் விளையாடினாலும் ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், வயது, வீட்டு முகவரி, பள்ளி, பெற்றோர் கையெழுத்து. எல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காம். பள்ளியிலிருந்து யாராவது கேட்டால் காட்ட வேண்டும். நோட்டு இல்லையென்றால் பெட்டி இல்லை.

பையன்கள் நின்ற நிலையிலேயே எழுதி, அப்பா கையெழுத்தையும் அவர்களே போட்டுவிட்டார்கள். நான் மட்டும் நோட்டைப் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்தச் சனிக்கிழமைதான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். சுத்தமான ஆத்துமாவோடு பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. ஞானஸ்நானப் பெயர் உட்பட முழுப் பெயரையும், புளோக் எண்ணையும், பள்ளியையும் அச்சுப்போல எழுதினேன். பிறகு ரிப்போர்ட் புக்குக்கு அடியில் அந்த நோட்டையும் விரித்து அப்பா முன்னால் நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் தமிழில் கையெழுத்துப் போடுவார், அன்றும் போட்டார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, ஆகவே இது பொய்யில் சேராது என்று எனக்கு நானே பாவமன்னிப்புக் கொடுத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை நான் பெட்டி முன்னால் நின்றிருந்தபோது, கடை வாசலில் தெரிந்த குரல் ஒன்று கேட்டது. எங்கள் பள்ளியில் ஒழுங்கைக் கவனிக்கும் டீச்சர். மூட்டைகளுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பாய், எங்க ஸ்கூல் பொண்ணு ஒண்ணு இங்க கேம் விளையாட வருதாம். நோட்டு இருக்குல்ல, கொஞ்சம் காட்டுங்க."

"நோட்டு காணாமப் போச்சு டீச்சர்."

"காணாமப் போச்சா? அப்ப பெட்டி மட்டும் எப்படி ஓடுது? கம்பெனிக்கு நான் போன் பண்ணவா?"

"உங்களுக்கு ஏன் சிரமம்? நானே பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பாய் கல்லாவுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"மத்தவனுங்க எழுதினது அம்புட்டும் பொய் லா. ஒருத்தன் சினிமா நடிகர் பேரைப் போட்டிருக்கான். நீ ஒருத்திதான்மா உண்மையை எழுதி வச்சிருக்க."

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "அப்ப என் பக்கத்தை மட்டும் கிழிச்சிடுங்க பாய். பெட்டி இருக்கட்டும்."

"கம்பெனிக்காரன் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சிருக்கான். ஒண்ணு குறைஞ்சா அது யாருன்னு தோண்டுவாங்க. மொத்தமா இல்லாம இருக்கறதுதான் நல்லது."

நோட்டை அங்கேயே நார்நாராகக் கிழித்து, வெங்காயச் சருகோடு குப்பையில் போட்டார். மறுநாள் லாரி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஆட்டம் பழசு, இனி அதை யாரும் கேட்கப்போவதில்லை, உடைத்து உதிரிகளை எடுத்துக்கொள்வோம் என்று லாரிக்காரர் சொன்னாராம். கொஞ்ச காலத்தில் அரசாங்கத் தடையால் நகரத்துக் கலர் பெட்டிகளும் கடைகளிலிருந்து போய்விட்டன. அந்தப் பூச்சி ஆட்டத்தை நான் பிறகு எங்குமே பார்க்கவில்லை.

விஷயம் அப்பா காதுக்கு எட்டவேயில்லை. நான் பள்ளியை முடித்தேன், அதற்கு மேலும் படித்தேன். ஆனால் பாயை நினைத்தால், பெட்டி போன மறுநாள் மாலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். பையன்கள் எல்லோரும் கடை வாசலில் கூடி பாயைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்கள். கஞ்சன், கிழவன் என்று என்னென்னவோ சொன்னார்கள். உண்மைக் காரணத்தை அவர் சொல்லவேயில்லை. நான் பேசாமல் நின்றால் சந்தேகம் வரும் என்று எனக்குப் பட்டது. ஆகவே நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏன் பாய் அனுப்பினீங்க?" என்று கோபமாகக் கேட்டேன்.

பாய் வெங்காயத்தை நிறுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பழைய பெட்டிதானேம்மா" என்றார்.