கரடி மடித்த இலை

அம்மா இறந்த மறுவருடம், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருந்த எங்கள் சாப்பாட்டுக் கடையின் சுவரில் படம் வரையச் சொன்னார் அப்பா. சினிமா பேனர் எழுதும் சீனர் ஒருவர் வந்து, ஒரு வாரம் கடையிலேயே சாப்பிட்டு வரைந்தார். சாமி படம் வரும் என்று பார்த்தால், வந்தது மிருகங்களின் பந்தி.

ஒரே மகள் நான். பள்ளி விட்டதும் சுவர் முன்னால் நின்றுவிடுவேன். கண்ணாடி போட்ட ஆந்தை, சாம்பாரில் அலகு தோய்ந்ததுகூடத் தெரியாமல் பேப்பர் படித்தது. டை கட்டிய நரி பக்கத்து இலை அப்பளத்தை நோட்டம் விட்டது. ஆடு சோற்றை விட்டுவிட்டு இலையைத் தின்றது. யார் எந்த மிருகம் என்று கண்டுபிடிப்பதிலேயே வந்தவர்களுக்குச் சோறு ஆறியது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், "நரி நான் இல்ல லா, டை மட்டும்தான் என்னுது" என்று நழுவினார். தோளில் துண்டு போட்ட பருத்த கரடி அப்பாதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஒரு நாள் அதே கிராணி உற்றுப் பார்த்து முகம் சுளித்தார். "கரடி இலைய வெளிப்பக்கமா மடிக்குது பாருங்க. சாவு வீட்டுலதானே அப்படி மடிப்பாங்க? சாப்பாட்டுக் கடையில இது ஆகாதுங்க."

பேச்சு பரவியது. வாடிக்கையாளர் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். படத்தையே அழிக்கச் சொல்லி ஓவியருக்கு ஆளனுப்பினார்.

ஆடும் நரியும் போய்விடுமே என்று எனக்குக் கவலை. அதைவிட ஒரு கேள்வி குடைந்தது. பக்கத்தில் குரங்கு தன் பக்கமாகச் சரியாகத்தான் மடித்திருந்தது. கரடி மட்டும் ஏன் அப்படி? ஓவியர் சுண்ணாம்பு வாளியோடு வந்ததும் அரைகுறை மலாயில் கேட்டேவிட்டேன்.

"தவுக்கே அப்படித்தானே மடிக்கிறார்? தினமும் பார்த்தேனே" என்றார் அவரும் மலாயில், முதலாளியான அப்பாவைக் காட்டி.

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "நானா? நான் அப்படியா மடிக்கிறேன்?" என்று சமையல்காரரைக் கேட்டார்.

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாண்ணே. அண்ணி போனதுலேருந்து அப்படித்தான். எப்படிச் சொல்றதுன்னு நாங்க யாரும் சொல்லல."

அப்பா வாளியை ஓரமாக வைக்கச் சொன்னார். ஓவியருக்கும் தனக்கும் இலை போடச் சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கை இலை ஓரத்துக்குப் போய், எந்தப் பக்கம் என்று தெரியாமல் அங்கேயே நின்றது. கடைசியில் அவர் மடிக்காமலே எழுந்து கை கழுவப் போனார்.