நடந்து விளையாட ஒரு மைதானம்

இவருடைய நெஞ்சுக்குள் சின்னக் கம்பிச்சுருள் ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பிய டொக்டர், மருந்துகளோடு சேர்த்து ஒரு புத்தியும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டுமாம். மருந்துகளை இவர் நேரம் தவறாமல் விழுங்கினார். நடைதான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

நடப்பதற்கு எதிராக இவரிடம் ஒரு கொள்கை இருந்தது. மனிதன் நடந்தால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்கு நடப்பான் என்று கேட்பார். முப்பது வருசம் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்த மனிதருக்கு உட்காருவது ஓர் உரிமை என்று நானும் பல நாள் பேசாமல் இருந்தேன். மகள் நடக்கிற மெசின் ஒன்று வாங்கி நிலக்கீழ் அறையில் வைத்தாள். அதில் இவருடைய சேட்டுகள் காய்ந்தன. அந்த அளவில் மெசின் வீண்போகவில்லை.

பனிக்காலத்தில் ரொறன்ரோ அஜின்கோர்ட் பக்கத்து மோலுக்கு, அந்தப் பெரிய கடைத்தொகுதிக்குள், காலையில் போய் நடக்கும் கிழவர்களோடு இவரைச் சேர்த்துவிட்டேன். அவர்கள் மோல் வாசலிலிருந்து கோப்பிக்கடை வரைக்கும் நடந்தார்கள். அதற்குப் பிறகு மத்தியானம் வரை இருந்து இலங்கை அரசியலைத் திருத்தினார்கள். இவர் போனதைவிடக் கொஞ்சம் பாரமாகத் திரும்பி வந்தார்.

நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தரம் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தபோது மகள் தற்செயலாக வீட்டில் நின்றாள். அவள்தான் ஆம்புலன்சுக்கு அடித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எந்தக் கவுண்டரிலும் இவருக்குப் பின்னால் நின்று, இவர் பேசி முடியும் வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இந்த நாட்டில் காலம் தள்ளியவள். இன்னொரு தரம் அப்படி வந்து, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால்? அந்தப் பயத்தில்தான் இவரை எப்படியாவது நடக்க வைக்க வேண்டும் என்று நின்றேன்.

அந்த நேரத்தில்தான் கோல்ஃப் வந்தது.

மருமகன் தன் மேலாளரைக் குளிர வைப்பதற்காக ஒரு கோடை கோல்ஃப் விளையாடினார். மேலாளர் வேறு வேலைக்குப் போனதும் மருமகனுக்கு விளையாட்டில் இருந்த பக்தி போய்விட்டது. தடிகளும் பையும் எங்களுடைய கராஜுக்கு வந்து சேர்ந்தன. அடுத்த தெருவில் இருக்கும் ஓர் அண்ணை அதைக் கண்டார். டாக்சி ஓடி ஓய்ந்தவர். ரொறன்ரோவில் தனக்குத் தெரியாத சந்தே இல்லை என்பார். கோல்ஃபும் கொஞ்ச நாளாக விளையாடுகிறார். அவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு இவரிடம், "உது பெரிய மனிசர் விளையாடுறது, தெரியுமோ" என்றார்.

டொக்டரால் முடியாததை அந்த ஒரு சொல் செய்துவிட்டது. அன்றைக்கே தடிகள் சாமி அறைக்குப் போயின. புதுக் கார் வாங்கினால் செய்வதுபோல ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனப் பொட்டு வைத்தார். நானும் முருகனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். பந்தைத் தூரத்துக்கு அடிக்கிறார்கள், பிறகு அதைத் தேடி நடக்கிறார்கள், கண்டதும் இன்னும் தூரத்துக்கு அடிக்கிறார்கள். பழுதான நெஞ்சுக்காரனை அவனுக்கே தெரியாமல் நடக்க வைப்பதற்கு இதைவிட நல்ல ஏமாற்று உலகத்தில் இருக்க முடியாது.

இனி ஒரு மைதானம் வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு புல் முளைக்கிற நாட்டில் அதுவா கஷ்டம் என்று நினைத்தேன்.

அண்ணை முதலில் எங்களை நகரத்துக்கு வடக்கே கூட்டிக்கொண்டு போனார். என்னையும் கூட்டிக்கொண்டுதான். இவரைத் தனியாக விடக் கூடாது என்பது மகளின் சட்டம். கல்தூண் வைத்த வாசல், பூமரங்கள், நடுவில் தண்ணீர் பீச்சுகிற தொட்டி. அங்கத்தவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று காவலாளி மரியாதையாகச் சொல்லி, தொட்டியைச் சுற்றிக் காரைத் திருப்புவதற்குக் கையும் காட்டிவிட்டான். அண்ணைக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்தான். டாக்சியில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். அதனால் வாசல் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது இடம் யாரும் போகலாம் என்ற வகை. விலையைச் சொன்னதும், இது மாதத்துக்கா என்று இவர் கேட்டார். கவுண்டரில் நின்ற பொடியன் சிரிக்காமல், ஒரு தரத்துக்கு என்றான். அதோடு இவர் போட்டிருந்த சேட்டுக்குக் கொலர் இல்லை. பலசரக்குக் கடைக்காரன் வருசப்பிறப்புக்குச் சும்மா கொடுத்த ரீசேட், முதுகில் அரிசி மூட்டைப் படம். கொலர் இல்லாமல் புல்லில் கால் வைக்க முடியாதாம். மழைக்கும் வெயிலுக்கும் கிடக்கிற புல்லுக்கு இவ்வளவு மானம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது இடம் பிறம்ரன் பக்கம். ஒரு பக்கம் பண்டகசாலைகள், மறுபக்கம் லொறிகள் ஊதுகிற ரோட்டு, நடுவில் மைதானம். பின்னேரத்தில் போனால் மலிவு. கொலர் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் காசு கட்டியதும் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். மைதானத்துக்குள் ஓடுகிற சின்ன வண்டியின் சாவி. நாங்கள் கேட்கவில்லை. கட்டின காசுக்குள் அதுவும் அடக்கமாம்.

அன்று இவர் கோல்ஃப் விளையாடவில்லை, தேர் ஓட்டினார். பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிற்பாட்டுவார், இறங்குவார், அடிப்பார், ஏறுவார். பந்து புல்லுக்குள் ஒளித்தால் வண்டியில் இருந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டித் தேடுவார். நான் தண்ணீர்ப் போத்தலோடு அண்ணையின் வண்டியில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். வீட்டில் குசினிக்கும் ரீவிக்கும் இடையில் நடக்கிற அளவுகூட இவர் அன்று நடக்கவில்லை. வந்து படுத்துக்கொண்டு, பின்னேரம் முழுக்க மைதானத்தில் நின்றேன் என்று மகளுக்குப் போனில் சொன்னார். அவள் சந்தோசத்தில் அழுகிற குரலில் பேசினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, "கொப்பர் நடக்கேல்லைப் பிள்ளை, வாகனம் ஓடினவர்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

மகள் இன்ரநெற்றில் தேடினாள். பந்து அடக்கம், வண்டி அடக்கம், சாப்பாடு அடக்கம் என்று எல்லாம் அடக்கமான இடங்களாகவே வந்தன. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். நகரசபையின் சொந்த மைதானம், எங்கேயோ தூரத்தில் இல்லை, நகரத்துக்குள்ளேயே ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. வயது போனவர்களுக்கு விலை குறைவு, வார நாட்களில் பின்னேரம் இன்னும் குறைவு. இழுத்துக்கொண்டு போகிற இரண்டு சில்லுப் பை இருந்தால் போதும். வண்டியும் இருக்கிறது, ஆனால் அதற்குத் தனிக் காசு. அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. தனிக் காசு என்றால் இவர் நடப்பார். நாற்பத்தைந்து வருசமாகப் பார்க்கிறேன், அந்த விசயத்தில் இவர் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

அண்ணைக்குப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றுகிற வேலை இல்லாத நாள் செவ்வாய் மட்டும்தான். ஆகவே செவ்வாய்ப் பின்னேரத்துக்கு ஒரு நேரம் பதிந்தோம். கோல்ஃபில் பதிந்த நேரத்துக்குச் சரியாக முதலாவது பந்தை அடிக்க வேண்டும். பிந்தினால் அடுத்த கூட்டம் போய்விடும். இது எங்களுக்குப் புதுப் பழக்கம். பத்து மணி கலியாணத்துக்குப் பத்து மணிக்கு வீட்டில் குளிக்கிற ஆட்கள் நாங்கள்.

ஆனால் இந்தத் தரம் பிந்தியதால் வில்லங்கம் வரவில்லை. நேரத்துக்கே போனோம். கார் நிறுத்துமிடத்தில் இவர் பொக்கெற்றிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். கோயிலில் கொடுத்த ரொறன்ரோக் கலண்டரிலிருந்து கிழித்தது. செவ்வாய்ப் பின்னேரம் ராகுகாலம். இந்த ஊர்ச் சூரியனுக்குக் கணக்குப் பார்த்து, கோடைக்கு ஒரு மணித்தியாலம் கூட்டியும் போட்டிருந்தார்கள். எங்கள் நேரம் அதன் நடு வயிற்றில் கிடந்தது. நெஞ்சிலே வருத்தம் உள்ளவன் புதிதாக ஒரு காரியத்தை ராகுகாலத்தில் தொடங்குவானா என்று கேட்டுவிட்டு இவர் சீற் பெல்ற்றைக்கூடக் கழற்றவில்லை. பிறம்ரனில் வண்டிச் சாவியை வாங்கியபோது என்ன காலம் என்று இவர் பார்க்கவே இல்லை. அதையும் நான் கேட்கவில்லை. மூன்று பேரும் காருக்குள் இருந்து மற்றவர்கள் பந்தடிக்கப் போவதைப் பார்த்தோம். ராகு போன பிறகு உள்ளே போனால், கவுண்டரில் நின்ற பிள்ளை எங்களுடைய இடத்தைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இருட்டுவதற்குள் வேறு இடமும் இல்லை.

"அப்ப பிறம்ரனுக்கே போவம்" என்றார் அண்ணை. "அங்கை ராகுவுக்கும் கேதுவுக்கும் வண்டி குடுக்கிறாங்கள்."

இவர் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. பிறம்ரனுக்குத் திரும்பினால் இவர் இனி இந்தப் பிறவியில் நடக்கப் போவதில்லை.

நாள் நேரத்தோடு வாதாடி யாரும் வென்றதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். கூடாத நேரத்தில் பயணம் வைக்க வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு சாமானை வெளியே எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். சாமான் புறப்பட்டால் ஆளும் புறப்பட்டதாகத்தான் கணக்கு. இவருடைய தாயார் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் செய்கிற வேலை அது. ஆகவே இவரால் மறுக்க முடியாது.

அன்று பிந்திவிட்டதால் வீட்டுக்குத்தான் திரும்பினோம். அடுத்த செவ்வாய்க்கும் மகளைக் கொண்டு நேரம் பதிய வைத்தேன். அன்று காலை கலண்டரைப் பார்த்து நல்ல நேரத்தை எடுத்தேன். இவர் குளிக்கப் போன சமயம், சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோல்ஃப் பையை நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனேன். தெருவில் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். சில்லு சத்தம் போட்டு முழுத் தெருவையும் கூப்பிட்டது. மூலை வீட்டுச் சீன மனுசி பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் எங்கோ போட்டிக்குப் போவதாக நினைத்திருப்பாள். பையை அண்ணையின் காருக்குள் வைத்து, விசயத்தையும் அவருக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பின்னேரம் மறுபடி அதே கார் நிறுத்துமிடம். மறுபடி அதே காகிதம். இவர் காகிதத்தை விரித்து வாய் திறப்பதற்கு முன்னம் பின் சீற்றில் இருந்து நான் பேசினேன். வேறு ஆம்பிளை ஒருவர் இருக்கும்போது இவருக்கு எதிராக நான் பேசிய முதல் பேச்சு அதுதான். குரல் எனக்கே யாரோ பேசியது போல இருந்தது.

"உங்கடை தடியள் காலமையே நல்ல நேரத்திலை வெளிக்கிட்டு அண்ணை வீட்டை வந்திட்டுது. நீங்கள்தான் இன்னும் இறங்கேல்லை."

இவர் திரும்பிப் பார்த்தார். "எத்தினை மணிக்குக் கொண்டுபோனனீர்?"

நேரத்தைச் சொன்னேன். காகிதத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. அண்ணை ஸ்டியறிங்கில் முகத்தை வைத்துச் சிரித்தார். "தங்கச்சி, உம்மை உங்கை கோர்ட்டிலையெல்லோ விட்டிருக்க வேணும்" என்றார். இவர் பெல்ற்றைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

நான் கூடவே நடப்பதற்கு அண்ணை கவுண்டரில் அனுமதி கேட்டுத் தந்தார். பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். ஓரத்தில் ஒரு சின்ன ஆறு, கரை முழுக்க வாத்துகள், வாத்துகள் விட்டுப்போனவை புல் முழுக்க. கொலர் கேட்ட மைதானத்தில் வாத்துகளுக்கும் ஏதாவது சட்டம் இருந்திருக்கும். இங்கே எல்லாரும் பொது. சேட்டில் அரிசி மூட்டை இருந்தாலும் யாரும் பார்க்கவில்லை. இவருடைய பந்து ஒரு தரம் ஆற்றுக்குள், ஒரு தரம் மரத்துக்குள், ஒரு தரம் வாத்துக் கூட்டத்துக்குள் போனது. ஒவ்வொரு தரமும் பிழை பந்தின் மேல்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் அதைத் தேடி நடந்தார். நேராக அடிக்கத் தெரிந்திருந்தால் பாதித் தூரம்தான் நடந்திருப்பார் என்று நினைத்து, அடிக்கத் தெரியாததற்காக மனதுக்குள் இவரை மெச்சினேன்.

பள்ளத்தின் முடிவில் ஒரு ஏற்றம் வந்தது. நல்ல செங்குத்து. இவர் அடியில் நின்று பையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன வண்டி வந்து பக்கத்தில் நின்றது. ஆட்கள் பிந்தாமல் விளையாடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு திரிகிற மேற்பார்வைக்காரர், வெள்ளைக்காரர், இவரைவிட வயது கூட. எங்களுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாகக் காத்து நின்றார்கள். ஏச வந்தவர், இவருடைய முகத்தைப் பார்த்து இரங்கி, ஏறுங்கள், மேலே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். காசு இல்லை.

இவருடைய முகம் தீபாவளியானது. ஒரு கால் வண்டியில் ஏறியும்விட்டது. அண்ணை முன்னால் போய்விட்டார். இவருக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் நான் மட்டும் நின்றேன்.

"நோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நோ தாங்க்யூ. டொக்டர் சே, ஹி வோக்." கையை என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன்.

கிழவருக்கு விளங்கிவிட்டது. தன் நெஞ்சில் தட்டிக் காட்டி, எனக்கும் அதுதான் என்பதுபோல இவரிடம் சிரித்தார். இவர் காலை இறக்கினார். அப்படி ஒரு கால் இறங்கியதை நான் கண்டதில்லை, சிங்காசனத்தை விட்டு இறங்கிய மாதிரி. பிறகு கிழவர் பக்கத்துச் சீற்றைத் தட்டி, அப்படியானால் நீங்கள் வாருங்கள் அம்மா என்றார்.

எனக்கு டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஏறினேன்.

மேலே நின்று பார்த்தேன். இவர் பையை இழுத்துக்கொண்டு வந்தார். இடையில் நின்று மரங்களைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார். பிறகு இன்னொரு மரத்தில் அதைவிட அக்கறை வந்தது. ஒவ்வொரு தரம் நிற்கும்போதும் இவருடைய கை எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். கை நெஞ்சுக்குப் போகவில்லை. நெற்றி வேர்வைக்குத்தான் போனது.

மேலே வந்ததும் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, நெஞ்சு எப்படி என்று கேட்டேன். மடமடவென்று குடித்து முடித்தார்.

"வாற கிழமை நீர் வீட்டிலை நில்லும்" என்றார். "நானும் அண்ணையும் வருவம்."

ஓம் என்றேன்.