சிரட்டையில் வைத்த கோல அரிசி

இதை எழுத ஆறு வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, முருகன்மேல் பாரத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் ஒரு பாலர் பள்ளியில் பதினெட்டு வருஷம் உதவி டீச்சராக இருந்தேன். படிப்பு மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். கைவேலை என் பொறுப்பு. தேங்காய்ச் சிரட்டையில் மூன்று ஓட்டை போட்டு, கயிறு கட்டி, அரிசி வைத்துப் பிள்ளைகளோடு சன்னலுக்கு வெளியே தொங்கவிடுவோம். சிட்டுக்குருவிகள் வரும்.

ஆறு வருஷத்துக்கு முன் சேர்ந்த யாழினிக்கு அப்போது ஐந்து வயது. அம்மா இறந்ததிலிருந்து யாரிடமும் பேசாத பிள்ளை. அவள் சிரட்டைக்கு முதல் குருவி வந்த அன்றுதான் வாய் திறந்தாள்.

"டீச்சர், சாப்பிடுதுலா!"

அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். "பேசினாளா? நெசமாவா அக்கா?" என்று அழுதுவிட்டார்.

தீபாவளி முடிந்தது. வாசல் கோலத்துக்குச் சாயம் போட்ட அரிசி ஒரு டப்பா மிச்சம். அன்னலட்சுமியைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. "குருவிக்கு வைப்போம்" என்று நானே அள்ளிக் கொடுத்தேன். யாழினி நிறைய வாங்கிக்கொண்டாள். அது துணிச் சாயம், கலந்தவளும் நான்தான். காய்ந்துவிட்டதே, என்ன ஆகும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் காலை அவள் சிரட்டைக்குக் கீழே மூன்று குருவிகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகில் சிவப்பு அரிசி.

பெரிய டீச்சர் சத்தம் போட்டார். "கலர் அரிசிய யாரு போட்டது? இது யாரோட சிரட்டை?"

"யாழினியோடது டீச்சர்!" பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் யாழினியின் அப்பா வந்தார். "திரும்பவும் வாயே தெறக்க மாட்டேங்குறாக்கா. இங்க ஏதாச்சும் நடந்துச்சா?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்றேன்.

பள்ளி விடுமுறையோடு அவர்கள் பட்டர்வொர்த்துக்கு வீடு மாறிப் போனார்கள்.

பிள்ளைகளோடு சிரட்டை கட்டுகிறவர்களே, சாயம் படாத அரிசியை மட்டும் வையுங்கள். தப்பு உங்களுடையது என்றால், பிள்ளை உங்களைப் பார்க்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சாமியிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டியது அவளிடம்.

இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். நீளம் என்று எதையும் வெட்டாதீர்கள். முக்கியமாக, அரிசியை அள்ளிக் கொடுத்தது நான் என்ற வரியை. யாழினிக்கு இப்போது பதினொரு வயது. தானாகவே படிப்பாள்.