எடுக்கக் கூடாத அழைப்பு

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது என் கைபேசி ஒரே ஒரு முறை அடித்து நின்றது. தெரியாத எண், முன்னால் 254 என்று இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபிராடு காலுப்பா. திருப்பிக் கூப்பிட்டா காசு போயிடும், ப்ளாக் பண்ணுங்க" என்றாள். கணினி படித்த பெண், இந்த விஷயங்களில் வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். நான் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொண்டேன். "எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். ஒற்றை ரிங்கின் மகிமையை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடமென்றால் டயர் வாசனையிலிருந்து தொடங்கலாம்.

நான் அப்போது துபாயில், அல் குசைஸில் ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். புது டயரின் வாசனை சட்டை, தலையணை, சோறு எதையும் விட்டுவைக்காது. இன்றும் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையைக் கடந்தால் எனக்குப் பசிக்கிறது. காரணம், செல்வராசு அண்ணனின் மீன்குழம்பு. அண்ணன் அறந்தாங்கிக்காரர். வாரம் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், வெள்ளிக்கிழமை எங்கள் ரூமுக்குச் சமைப்பார். கிடங்கின் மாடியிலேயே ரூம் என்பதால் டயரும் மீனும் என் மூக்கில் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

அந்த டயர்களில் பாதி ஆப்பிரிக்காவுக்குப் போகும். கட்டுகளின் மேல் 'மொம்பாசா' என்று நானே பெயிண்டால் எழுதுவேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். என் ஞானத்தில் ஆப்பிரிக்கா ஒரே நாடு, அதில் ஒரே காடு. கேட்டில் செக்யூரிட்டியாக, அந்த மொம்பாசா இருக்கும் கென்யாவிலிருந்து ஜோசப் வந்து சேர்ந்த அன்றே நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "சிங்கம் பாத்திருக்கீங்களா?"

"பாத்தேனே. போன மாசம், இங்க ஜுமைராவுல. டிக்கெட் வாங்கிட்டு."

எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி இந்தி, மிச்சம் கை. இங்கே உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ஜோசப் பாய், இந்தியில் சகோதரர். அவருடைய கம்பெனி கேம்ப் தூரத்தில் இருந்தது, அங்கே போகப் பிடிக்காமல் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ரூமிலேயே கிடப்பார்.

எங்களைச் சேர்த்து வைத்தது மிஸ்டு கால்தான். ஊரிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். கூப்பிடு என்று அர்த்தம். நாங்கள் வெளிநாட்டு அழைப்புக்கான அட்டை வாங்கி, மேலே பூசியிருக்கும் சாம்பல் நிறத்தை இருபத்தைந்து ஃபில்ஸ் காசால் சுரண்டி, அதில் இருக்கும் நீள எண்ணை அழுத்திக் கூப்பிடுவோம். அந்தச் சாம்பல் பொடி எங்கள் எல்லோருடைய நகத்திலும் இருக்கும். இது நம் ஆட்களின் மூளையில் உதித்தது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, ஜோசப் பாய் சிரித்தார். "எங்க ஊர்ல இதுக்கு ஃப்ளாஷ்னு பேரு. எங்கம்மாகூடப் பண்ணுவாங்க." அவர் இதில் எங்களைவிடக் கறார். ஒருநாள் அண்ணனின் போன் அடித்தபோது பழக்க தோஷத்தில் அவர் கை நீண்டது. ஜோசப் பாய் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "எடுக்காத பாய்! எடுத்தா அது அவங்க காசு."

அவர் மனைவி மெர்சி நகுருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தாள். போனுக்குச் சார்ஜ் போடுவதே கடையில் கொடுத்துத்தான். அதனால் எப்போதும் அணைத்தே வைத்திருப்பாள். பேச வேண்டும் என்றால் திறந்து, ஃப்ளாஷ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். பள்ளிக்கூடம் போகும் வயது நெருங்கிய ஒரு பெண் குழந்தை, பெயர் ஃபெய்த்.

ஜோசப் பாய் ஊரில் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர். நாடு எப்படி மாறிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தால் லாரி வந்து ஹாரன் அடிக்கும்வரை நிறுத்தமாட்டார். முன்பெல்லாம் ஜன்னலிலும் ஆள் தொங்குமாம். போன தேர்தலில் ஆட்சி மாறியதும் சீட்டுக்கு ஒரு ஆள், எல்லோருக்கும் பெல்ட் என்று சட்டம் வந்ததாம். "நானே பெல்ட் போட்டு விட்டிருக்கேன், கோழியோட வந்த கிழவிக்கு." ஆரம்பப் பள்ளியில் ஃபீஸ் இல்லை என்று ஆனதும் பிள்ளைகள் குவிந்து மரத்தடியில் வகுப்பு நடந்ததாம். ஃபெய்த்தும் அங்கேதான் போவாள் என்பார். ஊருக்குப் போகாமலே ஊரைப் புதிதாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

இன்னொன்றும் சொன்னார். அங்கே ஒருவரின் முழுப்பெயரைக் கேட்டால் எந்த இனம் என்று தெரிந்துவிடுமாம். அவர் ஒரு இனம், மெர்சி வேறு இனம். "சாதாரண நாள்ல யாரும் கேக்கமாட்டாங்க. தேர்தல் வந்தா எல்லாருக்கும் என் பொண்டாட்டியோட முழுப்பெயர் வேணும்." எந்தத் தெரு என்று கேட்டே ஆளை எடைபோடும் ஊரிலிருந்து வந்தவன் நான். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த தேர்தலும் வந்தது. மலையாளி காபிட்டேரியாவின் டிவியில் முதலில் நீண்ட வரிசைகளைக் காட்டினார்கள். ஜோசப் பாய் எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். சில நாளில் அதே டிவியில் எரியும் வீடுகள் வந்தன. நகுரு என்ற பெயரும் ஒருநாள் வந்தது. அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மெர்சியின் போன் அணைந்தே கிடந்தது.

ஒரு பிற்பகல் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டிருந்தோம். கேட் அறையிலிருந்து அவர் போன் அடிக்கும் சத்தம் கேட்டது. மெர்சியின் எண். எங்களுக்கெல்லாம் சட்டம் போட்ட மனிதர், அண்ணன் கையைத் தட்டிவிட்ட மனிதர், முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். "ஜோசப், நாங்க..." என்ற இரண்டு வார்த்தைதான். பேலன்ஸ் தீர்ந்து லைன் அறுந்தது. அட்டையைச் சுரண்டித் திருப்பிக் கூப்பிடுவதற்குள் அந்தப் போன் அணைந்துவிட்டது. சார்ஜும் தீர்ந்திருக்கும்.

"அவகிட்ட இருந்த கடைசிக் காசையும் நானே தின்னுட்டேன்" என்றார். அங்கே கடைகள் பூட்டிக் கிடந்தன, ரீசார்ஜ் அட்டை கிடைக்கவில்லை, சாலைகளை மறித்து அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் நைரோபியில் இருந்த அவர் தம்பி சொல்லித் தெரிந்தது. 'நாங்க' என்றாளே, அதற்கப்புறம் என்ன சொல்ல வந்தாள்? நாங்கள் நலமா, நாங்கள் ஓடுகிறோமா? கேட்டில் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஆறுதல் சொல்லும் அளவுக்கு எந்த மொழியும் எங்களுக்குள் இல்லை.

வெள்ளிக்கிழமை ரூமுக்கு வந்தார், தட்டைத் தொடவில்லை. அண்ணன் அதட்டினார். "சாப்பிடாம இருந்தா மட்டும் போன் வந்துருமாக்கும்? தம்பி, அந்தாளுக்குச் சோத்தப் போடு." நான் கரண்டியைக் கையில் எடுத்தேன், ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த அவர் போன் அடித்தது.

254 என்று தொடங்கும் கென்யா எண், ஆனால் தெரியாத எண். அவர் பாய்ந்து எழுந்தார்.

"எடுக்காதய்யா!" என்று அண்ணன் கத்தினார். "மத் உட்டாவ்! நோ, நோ!" என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் நானும் கத்தினேன். ஜோசப் பாய் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டு ரிங். நின்றது.

அவர் அட்டையைத் தப்பான பக்கத்தில் சுரண்டிக்கொண்டிருந்தார். மீன்குழம்புக் கையோடு அண்ணன் அதைப் பிடுங்கிச் சுரண்டினார், நான் எண்ணை அழுத்தினேன். பதற்றத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அழுத்தி அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி அழுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். ஜோசப் பாய் போனைப் பிடுங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தார். அவர்கள் மொழியில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை புரிந்தது, அரபிக்காரர்களும் சொல்கிற வார்த்தைதான்: "சலாமா? சலாமா!" பத்திரம். அண்ணன் திரும்பி அடுப்பைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மறைக்கவில்லை, அழுதேன்.

நடந்தது இதுதான். மெர்சியின் இனத்தாரைத் தேடி வந்த கும்பலும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரே இனம். அந்தப் பெண் மெர்சியையும் குழந்தையையும் தன் வீட்டு உள்ளறையில் வைத்துவிட்டு, தன் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாளாம். "என் வீட்டுல என் ஆளுங்கதான் இருக்காங்க" என்றாளாம். அந்த வெள்ளிக்கிழமை அடித்த போனும் அவளுடையது. மிச்சமிருந்த பேலன்ஸ் ஒரு ஃப்ளாஷுக்குத்தான் காணும் என்று சொல்லிக் கொடுத்தாளாம். ஜோசப் பாய் எடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். அன்று அவர் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "முள்ளயாவது மிச்சம் வையிங்க பாய்" என்றார் அண்ணன்.

அதன்பிறகு நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். ஜோசப் பாய் நாடு திரும்பி, மெர்சியின் அதே ஊரில், அதே பக்கத்து வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். இப்போது அவர் கூப்பிட்டால் முகத்தோடு வருகிறார், மணிக்கணக்கில், இலவசமாக.

போன வாரம் அங்கே மறுபடி தேர்தல். அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஓட்டுப்போட்ட மை காயாத சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு ஃபெய்த் சிரிக்கிறாள், முதல் ஓட்டு. ஒருபுறம் மெர்சி, மறுபுறம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். கீழே எழுதியிருந்தார்: "மதியம் ஃப்ளாஷ் வந்ததா? ஃபெய்த்தின் எண். எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று உனக்குச் சொல்லச் சொன்னேன். நீ எடுத்துவிடுவாயோ என்று பயந்தாள்."

மகளிடம் படத்தைக் காட்டினேன். "இதான் அந்த ஃபிராடு காலு." அவள் ஃபெய்த்தின் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்தாள். இந்தக் காலத்தில் யார் காசை மிச்சம் பிடிக்க ஒரு ரிங் விட்டு வைக்கிறார்கள்? அட்டையும் இல்லை, நகத்தில் அந்தச் சாம்பல் பொடியும் இல்லை. 'நாங்க' என்று சொன்ன பிறகு லைன் அறுவதில்லை. போகட்டும், அது போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.