வெட்டாமல் விட்ட நான்கு தடிகள்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். எந்த அறைக்கு உப்பில்லாத சாப்பாடு, எந்த அறைக்கு மசித்த உருளைக்கிழங்கு என்று ஒரு பலகையில் எழுதுவேன். அதுவும் டெனிஷில். தமிழை மன்னாரில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், மிச்சத்தை இங்கே சனிக்கிழமைகளில் படித்தேன். அப்படிப்பட்டவள் எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அவரை நேரில் கண்டால் எனக்கு வாய் வராது. நான் சொல்லத் தொடங்கினாலும் அவர் பகிடி சொல்லி எழும்பிப் போய்விடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவோடு டென்மார்க்குக்கு வந்தேன். தம்பி அப்போது கைக்குழந்தை. அவனையும் அம்மாவையும் பிறகு கூப்பிடுவதாகத்தான் ஏற்பாடு. சித்தப்பா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். மூவரும் ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே இருந்த வீட்டுக்கார அம்மா நகரப் பேருந்து ஓட்டினார். ஒரு பெண் பேருந்து ஓட்டுவதைச் சித்தப்பா நம்பவில்லை. ஒருநாள் அந்தப் பேருந்தில் ஏறி, சுற்றி வந்து, இறங்கிய பிறகுதான் நம்பினார்.

வீட்டின் பின்பக்கம், சைக்கிள் கொட்டிலுக்கு அருகே ஒரு வரிசை ராஸ்பெரி நின்றது. இங்கே அதை ஹின்பேர் என்பார்கள். இது இலையுதிர்காலத்தில் காய்க்கும் வகை. தனக்கு நேரமில்லை, நீங்களே பாருங்கள், பழமும் உங்களுக்குத்தான் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். நாங்கள் குடிவந்த செப்டம்பரில் தடிகள் பாரம் தாங்காமல் வளைந்து நின்றன.

நான் அப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மாவைக் கேட்டு அழுவதுமில்லை, பேசாமல் இருந்தேன். அது அப்பாவையும் சித்தப்பாவையும் கூடுதலாகப் பயப்படுத்தியிருக்க வேண்டும். ராஸ்பெரிப் பழத்தைப் பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், பழம் ஒரு குட்டித் தொப்பி போலக் கையில் வரும். சித்தப்பா ஐந்து விரல்களிலும் ஐந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, விரல்களை ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவைத்து, தோற்ற விரலின் தொப்பியை என் வாயில் தீத்துவார். அப்படி ஒருநாள் தீத்தும்போதுதான் சொன்னார்.

"அடுத்த முறை உது பழுக்கேக்க கொம்மா உனக்குப் பக்கத்தில நிப்பா, பார்."

அம்மாவையும் தம்பியையும் கூப்பிடும் விண்ணப்பத்தை அப்பா அந்தக் கிழமைதான் அனுப்பியிருந்தார். ஒரு வருடம் தாராளமாகப் போதும் என்று சித்தப்பா நினைத்திருப்பார். நான் கணக்கொன்றும் பார்க்கவில்லை. பழம் பழுத்தால் அம்மா வருவா. அவ்வளவுதான்.

மார்ச் மாதம் வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் அப்பாவையும் சித்தப்பாவையும் மறித்து, ராஸ்பெரியை வெட்ட வேண்டிய நேரம் இது என்று சொல்லிப் பெரிய கத்தரிக்கோல் ஒன்றைக் கொடுத்தார். பழைய தடி எல்லாவற்றையும் நிலத்தோடு வெட்ட வேண்டும், புதிதாக முளைக்கிற தடிதான் அந்த வருடமே காய்க்கும் என்றார். அப்பாவின் டெனிஷ் அப்போது கடைக்குப் போய்வரத்தான் காணும். தோட்டத்தில் நின்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"மொட்டு வைச்சு நிக்கிறதை அடியோடை வெட்டச் சொல்லுறாவோ? சரியாய்க் கேட்டனியோ?"

"கணுக்காலில கையை வச்சுக் காட்டினவ அண்ணை. எல்லாத்தையும்தானாம்."

அப்பா சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் வெட்டத் தொடங்கினாராம்.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது முக்கால்வாசி முடிந்துவிட்டது. வரிசை இருந்த இடம் தெரியாமல், விரல் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் நின்றன. புத்தகப்பையைக் கழற்றாமல் ஓடிப்போய், கொட்டிலோடு ஒட்டி நின்ற கடைசித் தடிகளுக்கு முன்னால் குந்திக்கொண்டேன். நிலம் இன்னும் இறுகித்தான் கிடந்தது.

"எழும்பு," என்றார் அப்பா.

"மாட்டன்."

"வெட்டினால்தானாம் புதுசு வரும்."

"வராட்டி?"

அப்பா கத்தரிக்கோலை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

"விடுங்கோ அண்ணை," என்றார் சித்தப்பா. "நாலு தடி நிண்டால் என்ன, குடியே முழுகிப்போகும்?"

அப்படித்தான் நான்கு தடிகள் தப்பின.

ஏப்ரலில் வெட்டிய இடமெல்லாம் புது முளைகள் நிலத்தைக் கிழித்துக்கொண்டு வந்தன. நடைபாதைக்குள் எட்டிப்பார்த்தவற்றை அப்பா பிடுங்கி எறிந்தார். நெருக்கமாக நின்றவற்றில் மெலிந்தவற்றை எடுத்துவிட்டு, ஒரு சாண் இடைவெளி விட்டார். வெட்டிய புல்லை அடியில் பரப்பினார். அவர் பெரிய வரிசையைப் பார்த்தார், நான் என் நான்கையும் பார்த்தேன். காற்றுக்கு முறியாமல் கொட்டில் ஆணியில் நூல் கட்டினேன். பால் வாங்கிவரும் பெட்டியைக் கழுவி அதில் தண்ணீர் ஊற்றினேன்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா சைக்கிளை எடுக்க வந்தவர், என் தடிகளைக் கண்டு சிரித்தார். "இதை வெட்டவில்லையா? அப்போ இதில் கோடையிலேயே காய்க்கும். கொஞ்சம்தான் காய்க்கும். ஆனால் செப்டம்பர் வரை பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. அப்பாவின் கத்தரிக்கோலுக்கு முன்னால் குந்தியிருந்து, அம்மாவின் வருகையை இரண்டு மாதம் முன்னுக்கு இழுத்துவிட்டேன் அல்லவா? அன்றிரவே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பழம் ஜூலையில் பழுக்கும், பெட்டியை அடுக்குங்கோ, தம்பிக்குச் சப்பாத்து வாங்குங்கோ, இங்கே வெறுங்காலோடு நடக்க ஏலாது என்று எழுதி, அப்பாவின் கடிதத்தோடு வைத்து அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன்.

அப்பா உறையை ஒட்டுவதற்கு முன் அதை வாசித்திருக்க வேண்டும்.

ஜூனில் பூத்தது. பூ அழகொன்றுமில்லை, ஆனால் தேனீக்கள் விடிந்தால் பொழுதுபட்டால் அதிலேயே கிடந்தன. பிறகு பச்சைக் காய், பிறகு வெளிறல், பிறகு ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு. பள்ளி விடுமுறை விட்டிருந்தது. ஒரு பின்னேரம் எண்ணிப் பார்த்தேன், ஏழு காய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. விடியப் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை.

பறவை, என்றார் அப்பா. பறவைதான், என்றார் சித்தப்பா. அடுத்த நாளும் ஐந்து போய்விட்டன. வீட்டுக்கார அம்மாவிடம் அழுதேன். அவர் பழைய ஜன்னல் திரையொன்றைத் தந்தார். இங்கே பறவைக்குப் பயந்து பழச்செடிகளுக்கு அப்படித்தான் போர்த்துவார்கள். நான்கு தடிகளையும் மூடி, கீழே கல் வைத்தேன். மறுநாள் காலையில் திரை அப்படியே இருந்தது. கல்லும் இடம் மாறவில்லை. காய்களை மட்டும் காணவில்லை. பறவை திரையைத் தூக்கி, பறித்து, திரும்ப மூடி, கல்லையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தது.

வீட்டுக்கார அம்மா காம்பொன்றைத் திருப்பிப் பார்த்தார். "பறவைக்கு நகம் இப்படி இருக்காது," என்றார்.

அடுத்த நாள் நான் வேளைக்கு எழும்பி ஜன்னலடியில் இருந்தேன். இங்கே அந்த மாதத்தில் நான்கு மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். சித்தப்பாவுக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இரவில் தளம் கழுவும் வேலை. ஐந்து மணிபோலச் சைக்கிளில் வந்து இறங்கினார். சைக்கிளைக் கொட்டிலில் சாத்தினார். கல்லை எடுத்தார். திரையைத் தூக்கினார்.

நான் வெறுங்காலோடு படியால் இறங்கி ஓடினேன். நான் போனபோது சித்தப்பா குந்தியிருந்தார். வாய் நிறைய இருந்தது. பழுக்காத ராஸ்பெரி தின்றவர்களுக்குத் தெரியும், பல் கூசி, காது வரைக்கும் புளிக்கும். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"சித்தப்பா, நீங்களோ?"

அவர் விழுங்கினார். "பசிச்சுது பிள்ளை."

"அது அம்மான்ரை பழம்."

"ஓம். தெரியும்."

"கள்ளன்."

சத்தம் கேட்டு அப்பா சாரத்தோடு இறங்கி வந்தார். சித்தப்பாவை நான் கள்ளன் என்றதற்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அப்பா அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு தடிகளைப் பார்த்தார், பிறகு கொட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா கையை நீட்டினார். "கள்ளன்தான். அடி."

அடித்தேன். உள்ளங்கையில், எனக்கு ஏலுமான மட்டும் அடித்தேன்.

"இவ்வளவுதானோ பலம்? சோறு தின்னாட்டி இப்பிடித்தான்."

இன்னொன்று அடித்தேன். அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கித் தின்றேன்.

சித்தப்பாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அம்மா ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழத்தைப் பழுக்கவிடாமல் சித்தப்பா தின்றுவிட்டார், அதுதான் காரணம். அம்மாவில் பிழையில்லை, அப்பாவில் பிழையில்லை, நாங்கள் கும்பிடும் மடு மாதாவிலும் பிழையில்லை. கோபிக்க எனக்கு ஒரே வீட்டுக்குள் ஒரு ஆள் இருந்தார். கதவை அவருக்கு முன்னால் அடித்துச் சாத்தலாம், அவருடைய தேத்தண்ணியை வைக்காமல் விடலாம். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு திரிந்தார்.

செப்டம்பரில் பெரிய வரிசை, வெட்டியதெல்லாம் இரட்டிப்பாய் வந்ததுபோலக் காய்த்தது. வீட்டுக்கார அம்மா சொன்னது சரிதான். அம்மா வரவில்லை. நான் கேட்கவுமில்லை. அதற்குள் எனக்கு ஒரு வயது கூடியிருந்தது, பழத்துக்கும் விமானத்துக்கும் தொடர்பில்லை என்று தெரிகிற வயது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மார்ச் வெட்டிய பின்தான் அம்மாவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். தம்பி சப்பாத்தோடு வந்தான்.

அந்த வருடங்களில் அப்பா தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார். விண்ணப்பத்தை எங்கேயோ பிழையாக நிரப்பிவிட்டேன் என்று, வைத்திருந்த பிரதியை எடுத்து எடுத்துப் பார்ப்பார். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் அமைச்சர் ஒருவரின் உத்தரவால் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன என்பது எனக்குப் பதினைந்து வயதானபோதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதனால் இந்த நாட்டில் அரசாங்கமே மாறியது. அன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லோரும் இருந்தோம்.

"அப்ப நான் பிழையாய் நிரப்பேல்லை," என்றார் அப்பா. இரண்டு முறை சொன்னார்.

"அந்தக் கடுதாசியளைப் பொத்தி வச்சிருந்தவங்களுக்கல்லோ தீத்தியிருக்க வேணும்," என்றார் சித்தப்பா, "நான் திண்ட புளிப்பை."

அப்பா சிரித்தார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சித்தப்பாவை நான் பார்க்க, அவர் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அவர் இப்போது விபோர்க்கில் இருக்கிறார். வேலைக்குப் போவதில்லை. எங்கள் தோட்டத்திலும் அந்த வகை ராஸ்பெரிதான் நிற்கிறது. மார்ச்சில் ஒரு தடி விடாமல் நிலத்தோடு வெட்டுகிறேன், செப்டம்பரில் அவருக்கு ஒரு பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நல்லாய்ப் பழுத்திருக்கு என்று சொல்லி வாங்குவார். நான் ஓம் என்பேன். இதற்கு மேல் எங்கள் இருவருக்கும் கதை போனதில்லை.

சிவந்த ஒவ்வொரு காயையும் தின்றுவிட்டால் அது ஒருநாளும் பழுக்காது, பழுக்காவிட்டால் தான் சொன்ன சொல் என் கண்ணுக்கு முன்னால் பொய்க்காது என்று, இரவெல்லாம் வேலை செய்த ஒரு மனிதர் கொட்டில் ஓரம் குந்தியிருந்ததை அந்த ஒன்பது வயதுப் பிள்ளை காணவில்லை. அவள் கண்டது ஒரு கள்ளனை.

நான் அவர் கையில் அடித்ததற்கு அடுத்த நாள் சித்தப்பாவுக்கு வயிற்றுக்குத்து. வேலைக்குப் போகவில்லை.